சி-யில் பிஎன்ஜி துண்டுகளைப் படிக்கும்போது முதல் நீளமே 218103808 என்று வருகிறது

வடகரை

பிஎன்ஜி படத்துக்குள் இருக்கும் துண்டுகளை வரிசையாகப் பட்டியலிட ஒரு சின்ன நிரல், லிப்பிஎன்ஜி நூலகம் இல்லாமல் வெறும் சி-யில். வடிவம் இதுதான்: முதலில் 8 அடையாள பைட்கள். அதன் பிறகு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 4 பைட் நீளம், 4 பைட் வகை, அந்த நீளத்துக்கு டேட்டா, கடைசியில் 4 பைட் சிஆர்சி (துண்டு கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்). நீளம் துண்டுக்குத் துண்டு மாறும்.

கோ = எஃப்ஓப்பன்("படம்.பிஎன்ஜி", "ஆர்");
எஃப்ரீட்(அடையாளம், 8, 1, கோ);
வொயில் (!எஃப்இஓஎஃப்(கோ)) {
  எஃப்ரீட்(&நீளம், 4, 1, கோ);
  எஃப்ரீட்(வகை, 4, 1, கோ);
  டேட்டா = மால்லாக்(நீளம்);
  எஃப்ரீட்(டேட்டா, நீளம், 1, கோ);
  எஃப்ரீட்(&சிஆர்சி, 4, 1, கோ);
}

64 பிட் லினக்ஸில் முதல் துண்டின் நீளம் 218103808 என்று வருகிறது. 13 வர வேண்டும். மெமரி ஒதுக்கும் மால்லாக் தோற்கவில்லை, நிரலும் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. விண்டோஸில் அந்த இடத்துக்கே போவதில்லை. அடையாளம் பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது. அங்கே 8, 1 என்பதை 1, 8 என்று மாற்றிப் பார்த்தால் எஃப்ரீட் 5 தருகிறது. ஃபைல் நல்ல ஃபைல்தான், எல்லா உலாவியிலும் திறக்கிறது.

எட்டுபிட்

218103808-ஐ 16777216-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 13 வரும். பிஎன்ஜி எல்லா எண்ணையும் பெரிய பைட் முதலில் வருமாறு எழுதுகிறது. ஃபைலில் இருப்பது 0 0 0 13. உங்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் சிறிய பைட் முதலில் என்று படிப்பதால் 13 உச்சிக்குப் போய்விட்டது.

எண்ணின் முகவரியை எஃப்ரீட்டிடம் கொடுக்கும் பழக்கத்தையே விடுங்கள். நான்கு பைட்டை அன்சைன்டு சார் வரிசையில் வாங்கி, நீங்களே கூட்டிக் கட்டுங்கள்:

நீளம் = ((யுஇன்ட்32_டி)அ[0] << 24) | ((யுஇன்ட்32_டி)அ[1] << 16) | ((யுஇன்ட்32_டி)அ[2] << 8) | (யுஇன்ட்32_டி)அ[3];

இந்த வரி எந்தச் சிப்பிலும் ஒரே விடையைத் தரும். கணினி எந்த வகை என்று சோதிக்கும் ஹேஷ்-இஃப் எதுவும் வேண்டாம். எண்ணைத் திருப்பிப் போடும் ஃபங்ஷனும் வேண்டாம்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, வரிசை வெறும் சார் என்று இருந்தால். நீளம் 456 என்றால் பைட்கள் 0 0 1 200. குறியுள்ள சாரில் 200 என்பது மைனஸ் 56 ஆகும். அது 32 பிட்டுக்கு விரியும்போது மேல் பிட்கள் எல்லாம் 1 ஆகி, விடை 4294967240 என்று வரும். 127-க்கு மேல் பைட் வராத ஃபைல்களில் இது வெளியே தெரியாது. ஆர்ம் லினக்ஸில் சார் இயல்பாகவே குறியற்றது, அதனால் அங்கே ஓடும் நிரல் இன்டெல்லில் உடையும்.

இரண்டாவது, (யுஇன்ட்32_டி) என்று வகையை மாற்றும் அந்த காஸ்ட். அ[0] அன்சைன்டு சார் என்றாலும் ஷிஃப்டுக்கு முன்பு இன்ட் ஆகிவிடும். 127-க்கு மேற்பட்ட எண்ணை 24 இடம் தள்ளினால் இன்ட்டின் குறி பிட்டில் போய் விழும். சி தரநிலைப்படி அது வரையறை இல்லாத நடத்தை. பிஎன்ஜியில் நீளம் 2147483647-ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருப்பதால் நல்ல ஃபைலின் நீளத்தில் இது நேராது. ஆனால் இதே ஃபங்ஷனைத்தானே சிஆர்சிக்கும் அழைப்பீர்கள்? ஃபைலை முடிக்கும் ஐஎண்ட் துண்டின் சிஆர்சி எல்லா ஃபைலிலும் 174 66 96 130. முதல் பைட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பனையோலை

விண்டோஸின் 5 எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். திறக்கும் முறை "ஆர்" என்று இருக்கிறது, "ஆர்பி" என்று இருக்க வேண்டும். அடையாள பைட்கள் 137 80 78 71 13 10 26 10. விண்டோஸின் உரை முறையில் 13 10 என்ற ஜோடி ஒரே 10 ஆகச் சுருங்கும். அடுத்து வரும் 26 கன்ட்ரோல்-இசட், அதை ஃபைலின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். ஆக 137, 80, 78, 71, 10. ஐந்து.

பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் இதைப் பிடிக்கத்தான் அந்த பைட்களை அங்கே வைத்தார்கள். 137-இல் எட்டாவது பிட் 1, ஏழு பிட் மட்டும் கடத்தும் வழியில் போனால் அது கெட்டுவிடும். 13 10 ஜோடியும் கடைசி 10-உம் வரிமுடிவை மாற்றும் மென்பொருளைக் காட்டிக்கொடுக்கும். டாஸில் டைப் கட்டளை கொடுத்தால் 26 அங்கேயே நிறுத்திவிடும். சொந்தமாக பைனரி வடிவம் உருவாக்குபவர்கள் இந்த எட்டு பைட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த எட்டு பைட் இவை.

லினக்ஸில் "ஆர்", "ஆர்பி" இரண்டும் ஒன்றுதான், அதனால் அங்கே தவறு தெரியவில்லை. எப்போதும் "ஆர்பி" போடுங்கள்.

வடகரை

இரண்டு பேருக்கும் நன்றிங்க. "ஆர்பி" போட்டதும் விண்டோஸ் சரியானது. நீளமும் 13 வந்துவிட்டது. இப்போது முதல் துண்டின் அகலம், உயரம் எல்லாம் சரியாக வருகின்றன, ஆனால் இரண்டாவது துண்டின் நீளமும் வகையும் குப்பை. முதல் துண்டை மட்டும் இந்த ஸ்ட்ரக்ட்டில் படிக்கிறேன், எண்களைப் பிறகு திருப்பிக்கொள்கிறேன்:

ஸ்ட்ரக்ட் தலை { யுஇன்ட்32_டி அகலம், உயரம்; யுஇன்ட்8_டி ஆழம், நிறவகை, சுருக்கம், வடிகட்டி, பின்னல்; };
எஃப்ரீட்(&த, சைஸ்ஆஃப் த, 1, கோ);

கரிசல்காடு

சைஸ்ஆஃப் த எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள். 16 வரும். 4 + 4 + 5 = 13, ஆனால் உள்ளே 4 பைட் எல்லையில் நிற்க வேண்டிய எண் இருப்பதால் கம்பைலர் வாலில் 3 நிரப்பு பைட் சேர்க்கிறது. எஃப்ரீட் அந்த 3 பைட்டையும் ஃபைலிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டது. அவை சிஆர்சியின் முதல் மூன்று பைட்கள். நீங்கள் அடுத்து சிஆர்சி என்று படிப்பது, சிஆர்சியின் கடைசி பைட்டும் அடுத்த நீளத்தின் மூன்று பைட்டும். அங்கிருந்து எல்லாமே மூன்று பைட் தள்ளி ஓடும். உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி விழாததால் அகலமும் உயரமும் சரியாகவே தெரிந்தன.

ஸ்ட்ரக்ட்டுக்கு மேலே பிராக்மா பேக் 1 போடுங்கள், 13 ஆகிவிடும்.

எட்டுபிட்

கரிசல்காடு காரணத்தைச் சரியாகச் சொன்னார். மருந்தில் எனக்கு உடன்பாடில்லை. பேக் போட்டால் நிரப்பு பைட் போகும், பைட் வரிசைச் சிக்கல் அப்படியே நிற்கும், எப்படியும் ஒவ்வொரு எண்ணையும் திருப்பத்தான் வேண்டும். பேக் செய்த ஸ்ட்ரக்ட்டின் உறுப்புக்கு முகவரி எடுத்து சாதாரண பாயின்டரில் வைத்தால், எல்லை தவறிய முகவரி கிடைக்கும். எல்லை தவறிய அணுகலை ஏற்காத சிப்களில் நிரல் அங்கேயே விழும். தவிர, பிராக்மா பேக் சி தரநிலையில் கிடையாது, கம்பைலர்கள் தரும் வசதி.

13 பைட் வரிசையில் படியுங்கள். 0-இலிருந்து அகலம், 4-இலிருந்து உயரம், 8 முதல் 12 வரை ஒவ்வொரு பைட்டாக மற்ற ஐந்தும். ஏழு வரிதான். முடிந்ததும் ஃபைலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல் 29 காட்ட வேண்டும், சிஆர்சியையும் படித்தபின் 33. எல்லா பிஎன்ஜியிலும் இரண்டாவது துண்டு 33-ஆவது இடத்தில்தான் தொடங்கும்.

கரிசல்காடு

வன்பொருளும் கம்பைலரும் மாறாத இடத்தில், ஒரே பைட் வரிசையில் எழுதிப் படிக்கும் சொந்த ஃபைலுக்கு பேக் போதும் என்பது என் கருத்து. பிஎன்ஜிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

நூல்கண்டு

இதுவரை பேசியது நிலையான அளவுள்ள பகுதி. இழையின் உண்மையான விஷயம் டேட்டாதான், அதில் உங்கள் நிரல் இன்னும் ஆபத்தான நிலையில் இருக்கிறது. 218103808 வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 208 மெபிபைட்டை மால்லாக் தயங்காமல் கொடுத்தது. லினக்ஸ் மெமரிப் பக்கங்களைத் தொடும்போதுதான் உண்மையில் ஒதுக்கும் என்பதால், மால்லாக் வெற்றி பெற்றது என்பது எதற்கும் சான்று ஆகாது. எஃப்ரீட் மீதி ஃபைல் முழுவதையும் விழுங்கிவிட்டு 0 தந்தது, அதை நீங்கள் பார்க்கவே இல்லை. ஒரு ஃபைல் தன் நீளம் என்று சொல்வது அந்த ஃபைலை எழுதியவரின் கூற்று, அவ்வளவே. சோதிக்கும்வரை அதை நம்பி ஒரு பைட்டும் ஒதுக்கக் கூடாது.

சோதனை வரிசை இப்படி. நீளம் 2147483647-க்கு மேல் என்றால் உடனே பிழை. அடுத்து, துண்டின் வகைக்கு ஏற்ற வரம்பு: முதல் துண்டான ஐஎச்டிஆர் என்றால் 13 மட்டுமே, ஐஎண்ட் என்றால் 0 மட்டுமே. உரைத் துண்டுக்கு நீங்களே ஓர் உச்சம் வையுங்கள், 1 மெபிபைட் தாராளம். இவற்றைத் தாண்டிய பிறகே மால்லாக்.

வரம்பு வைக்காமல் மால்லாக்(நீளம் + 1) என்று எழுதுபவர்கள் நிறைய. நீளம் 4294967295 என்று ஒரு கெட்ட ஃபைல் சொன்னால், யுஇன்ட்32_டி-யில் கூட்டல் சுற்றி வந்து 0 ஆகும். 64 பிட் கணினி காப்பாற்றாது, ஏனென்றால் சைஸ்_டி-க்கு மாறுவதற்கு முன்பே 32 பிட்டில் கூட்டல் முடிந்துவிடுகிறது. 0 பைட் ஒதுக்கி, 4 ஜிபி எழுதப் போகும் நிரல் அது.

எஃப்ரீட்டில் 1 எங்கே, நீளம் எங்கே என்பதும் முக்கியம். எஃப்ரீட்(டேட்டா, நீளம், 1, கோ) என்றால் திரும்புவது 1 அல்லது 0 மட்டும், எவ்வளவு வந்தது என்று தெரியாது. எஃப்ரீட்(டேட்டா, 1, நீளம், கோ) என்றால் வந்த பைட் எண்ணிக்கை கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஐஎண்ட்டின் நீளம் 0. உறுப்பின் அளவு 0 என்று கொடுத்தால் எஃப்ரீட் 0 தரும், 1 வரவில்லை என்று உங்கள் நிரல் நல்ல ஃபைலைக் கெட்டது என்று சொல்லும். இரண்டாவது வடிவில் வந்ததும் 0, கேட்டதும் 0, பொருந்திவிடும். மால்லாக்(0) நல் எனும் வெற்றுப் பாயின்டரைத் தரவும் அனுமதி உண்டு, அதை மெமரி தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நீளம் 0 என்றால் மால்லாக் பக்கமே போகாதீர்கள்.

பெரிய துண்டை நிஜமாகவே மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், சொன்ன நீளத்தை ஒரே அடியாக ஒதுக்காமல் 65536 பைட்டில் தொடங்கி, நிரம்ப நிரம்ப இரட்டிப்பாக்குங்கள். 2 ஜிபி என்று பொய் சொல்லும் 100 பைட் ஃபைலுக்கு அப்போது 64 கிபிபைட்தான் செலவாகும். வளர்க்கும்போது ப = ரீஆலாக்(ப, புதுஅளவு) என்று எழுதாதீர்கள். ரீஆலாக் தோற்றால் நல் வரும், பழைய இடம் உயிரோடு இருக்கும், ஆனால் அதைக் காட்டும் பாயின்டரை அழித்திருப்பீர்கள். விடையைத் தனி மாறியில் வாங்கி, நல் இல்லை என்றால் மட்டும் ப-வில் வையுங்கள்.

படத் தரவு இருக்கும் ஐடாட் துண்டுகளைச் சேர்த்து வைக்கத் தேவையே இல்லை. எத்தனை ஐடாட் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஸீலிப் முறையில் சுருக்கிய ஒரே ஓடை, துண்டின் எல்லை எங்கே விழுந்தாலும் பொருள் மாறாது. ஒரு நிலையான பஃபரில் வாங்கி வாங்கி, சுருக்கத்தை விரிக்கும் இன்ஃப்ளேட்டுக்கு ஊட்டலாம்.

பனையோலை

வொயில் (!எஃப்இஓஎஃப்) பற்றி யாரும் சொல்லவில்லையே. எஃப்இஓஎஃப் வருங்காலத்தைச் சொல்லாது. ஒரு வாசிப்பு முடிவில் மோதிய பிறகுதான் அது உண்மை ஆகும். கடைசித் துண்டைச் சரியாகப் படித்து முடித்ததும் எஃப்இஓஎஃப் இன்னும் பொய்தான், லூப் இன்னொரு முறை சுற்றும், எஃப்ரீட் எதையும் தராது, நீளத்தில் பழைய எண்ணே கிடக்கும். கடைசித் துண்டு இருமுறை அச்சாகிறது என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுவே.

நீளமும் வகையும் சேர்ந்த 8 பைட் தலையைக் கேளுங்கள், எத்தனை வந்தது என்று பாருங்கள். 8 வந்தால் தொடரலாம். 1 முதல் 7 வரை வந்தால் ஃபைல் நடுவில் அறுந்திருக்கிறது. 0 வந்தால் எஃப்எரர் கேளுங்கள், அது உண்மை என்றால் டிஸ்க் அல்லது நெட்வொர்க் கோளாறு, பொய் என்றால் துண்டின் எல்லையில் ஃபைல் முடிந்திருக்கிறது. சொந்த வடிவத்தில் இந்தக் கடைசி நிலை நல்ல முடிவு. பிஎன்ஜியில் ஐஎண்ட் பார்க்காமல் முடிந்தால் அதுவும் பிழைதான். லூப்பிலிருந்து வெளியே வர ஒரே நல்ல வழி ஐஎண்ட்.

எஃப்ரீட்டுக்குப் பதில் ரீட் சிஸ்டம் காலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: அது கேட்டதைவிடக் குறைவாகத் தரலாம், பைப்பில் அப்படித்தான் தரும். குறைந்தால் முடிவு என்று அர்த்தமில்லை, 0 வரும்வரை சுற்ற வேண்டும். எஃப்ரீட் அந்தச் சுற்றைத் தானே செய்துவிடும்.

வடகரை

எல்லாம் மாற்றிவிட்டேன், ஐஎண்ட் வரை பட்டியல் வருகிறது. தேவையில்லாத துண்டுகளை எஃப்சீக்(கோ, நீளம் + 4, சீக்_கர்) என்று தாண்டுகிறேன், இது போதுமா? உரைத் துண்டில் வேறொரு சிக்கல்: தலைப்புச் சொல் சரியாக வருகிறது, உரையின் முடிவில் சில நேரம் குப்பை ஒட்டிக்கொள்கிறது.

நூல்கண்டு

எஃப்சீக் ஃபைலின் முடிவைத் தாண்டிப் போகச் சொன்னாலும் வெற்றி என்றே சொல்லும். அறுந்த துண்டைத் தாண்டினால் தவறு அங்கே தெரியாது, அடுத்த தலையைப் படிக்கும்போது 0 பைட் வரும், அது சுத்தமான முடிவு போலவே இருக்கும். பிஎன்ஜி என்றால் ஐஎண்ட் வராமலே ஃபைல் முடிந்ததை வைத்துப் பிடித்துவிடலாம். முடிவுத் துண்டு இல்லாத வடிவங்களில் பிடிக்க முடியாது. பைப்பில் எஃப்சீக் வேலையே செய்யாது. 32 பிட் லாங்கில் 2147483647 + 4 ஓவர்ஃப்ளோ ஆகும், விண்டோஸில் 64 பிட்டிலும் லாங் 32 பிட்தான். நான் செய்வது: ஒரு 4096 பைட் பஃபரில் படித்துப் படித்துத் தூக்கிப் போடுவது. சிஆர்சி சரிபார்க்க எப்படியும் எல்லா பைட்டையும் தொட வேண்டியிருக்கிறது.

சிஆர்சி கணக்கில் வகையின் 4 பைட்டும் டேட்டாவும் சேரும், நீளம் சேராது. ஸீலிப்பின் சிஆர்சி32 துண்டு துண்டாகக் கொடுத்தாலும் தொடர்ந்து கணக்கிடும். முதல் சோதனைக்கு ஐஎண்ட் போதும்: 73 69 78 68 என்ற நான்கு பைட்டைக் கொடுத்தால் மேலே எட்டுபிட் சொன்ன 174 66 96 130 வர வேண்டும்.

எட்டுபிட்

உரைக்கு வருகிறேன். டெக்ஸ்ட் துண்டில் 1 முதல் 79 பைட் வரை தலைப்புச் சொல், பிறகு ஒரு 0 பைட், பிறகு உரை. உரைக்குப் பின்னால் 0 கிடையாது, அதன் முடிவைத் துண்டின் நீளம்தான் சொல்கிறது. நீங்கள் அதை %எஸ் கொடுத்து அச்சிடுகிறீர்கள், அது 0 கிடைக்கும்வரை ஓடுகிறது. எஃப்ரைட்டால் எண்ணி எழுதுங்கள், அல்லது வரம்பு சோதித்த பிறகு ஒரு பைட் கூடுதலாக ஒதுக்கி 0 வையுங்கள். தலைப்புச் சொல்லின் 0-ஐத் தேட எஸ்டிஆர்லென் வேண்டாம். மெம்சிஎச்ஆர் கொண்டு 80, நீளம் இரண்டில் சிறியது வரை மட்டும் தேடுங்கள், கிடைக்காவிட்டால் துண்டு கெட்டது. கெட்ட ஃபைலில் அந்த 0 இல்லாமலே இருக்கலாம்.

தமிழ் உரை எழுதும் எண்ணம் இருந்தால்: டெக்ஸ்ட் துண்டு லத்தீன்-1 குறிமுறைக்கு மட்டும். தமிழுக்கு ஐடெக்ஸ்ட் துண்டு, அது யுடிஎஃப்-8. தலைப்புச் சொல், 0, சுருக்கக் கொடி ஒரு பைட், சுருக்க முறை ஒரு பைட், மொழிக்குறி, 0, மொழிபெயர்த்த தலைப்பு, 0, அதன் பின் உரை. அடுத்தடுத்து மூன்று 0 தேட வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் மீதி நீளத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். "தமிழ்" என்ற சொல் 15 பைட் ஆகும், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 4096-இல் பஃபரை வெட்டி வெட்டி அச்சிட்டால் ஓர் எழுத்து நடுவில் உடையும்.

கரிசல்காடு

இதே எலும்புக்கூட்டை வேறு வடிவத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: டபிள்யூஏவி ஒலி ஃபைலில் வகை முதலில், நீளம் பிறகு, நீளம் சிறிய பைட் முதலில். நீளம் ஒற்றைப்படை என்றால் அதன் பின் ஒரு நிரப்பு பைட் உண்டு, அது நீளத்தில் சேராது. இதை மறந்தால் ஒற்றைப்படைத் துண்டு வரும்வரை எல்லாம் சரியாக ஓடும். மிடி இசை ஃபைலில் துண்டுக்குள் வரும் சில நிகழ்வுகளின் நீளமே நீளம் மாறும் எண்: ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட், மேல் பிட் 1 என்றால் இன்னும் பைட் வருகிறது. உச்சம் 4 பைட், 268435455 வரை. ஐந்தாவது பைட்டுக்குப் போனால் நிறுத்திப் பிழை சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஷிஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

வடகரை

மாற்றிவிட்டேன். எதை வைத்துச் சோதிப்பது?

பனையோலை

சில நூறு பைட் அளவில் ஒரு சின்ன பிஎன்ஜி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 0 பைட், முதல் 1 பைட், முதல் 2 பைட் என்று முழு நீளத்துக்கு ஒன்று குறைவு வரை அறுத்த ஃபைல்களை ஒரு ஷெல் லூப்பில் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நிரல் பிழை என்று சொல்லி, 0 அல்லாத எண்ணோடு முடிய வேண்டும். ஒன்றுக்காவது "சரி" என்று வந்தால் எங்கோ ஓர் எஃப்ரீட்டின் விடையைப் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்து 8 முதல் 11 வரை இருக்கும் நான்கு பைட்டில் 255 எழுதுங்கள், நீளம் 4294967295 ஆகும். பிறகு 127 255 255 255, அது அனுமதிக்கப்பட்ட உச்சம். இரண்டையும் அட்ரஸ் சானிடைசரும் (மெமரித் தவறைப் பிடிப்பது) அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசரும் (வரையறை இல்லாத நடத்தையைப் பிடிப்பது) சேர்த்து கம்பைல் செய்து ஓட்டுங்கள். எட்டுபிட் சொன்ன காஸ்ட்டை எங்காவது விட்டிருந்தால் இரண்டாவது சானிடைசர் அந்த வரியின் எண்ணையே சொல்லும்.

வடகரை

ஓட்டினேன். அறுத்த ஃபைல்களில் எல்லாம் பிழை சரியாக வந்தது, ஒன்றைத் தவிர: கடைசி 4 பைட் மட்டும் இல்லாதபோது "சரி" என்றது. ஐஎண்ட் வகையைப் பார்த்ததுமே லூப்பை விட்டு வெளியே வந்திருக்கிறேன், அதன் சிஆர்சியைப் படிக்கவே இல்லை. அறுத்தது 1, 2, 3 பைட்டாக இருந்தபோது பிழை வந்ததற்குக் காரணம் நிரலின் முடிவில் நான் வைத்திருந்த வேறொரு சோதனை: ஐஎண்ட்டுக்குப் பின் மிச்ச பைட் இருந்தால் 4 இருக்க வேண்டும் என்று. மிச்சமே இல்லாவிட்டால் அது பேசவில்லை. அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, பிரேக்கை சிஆர்சி ஒப்பீட்டுக்குக் கீழே நகர்த்தினேன். இப்போது எல்லா அளவிலும் பிழை வருகிறது, முழு ஃபைல் மட்டும் தேறுகிறது.